வரலாற்றை உடுத்திப் பார்க்கலாமா? அருங்காட்சியக உடைகளும் அவற்றின் காவலர்களும்

2022 மே 2-ஆம் தேதி இரவு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் படிக்கட்டுகளில் கிம் கர்தாஷியன் ஏறினார். அவர் அணிந்திருந்த ஆடைக்கு வயது ஏறக்குறைய 60. 1962 மே 19 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடியபோது மர்லின் மன்றோ உடுத்தியிருந்த அதே ஆடை.

பின்பக்கம் ஜிப் முழுதாக ஏறவில்லை. அதை மறைக்க ஒரு வெள்ளை மேலாடை. சில நிமிடங்கள் படிக்கட்டில் நடை, கேமராக்களுக்கு முகம், பிறகு உள்ளே போய் அதே மாதிரி தைத்த நகல் ஆடைக்கு மாற்றம். அவ்வளவுதான் நடந்தது. ஆடைக்குள் நுழைவதற்காக மூன்று வாரங்களில் 7 கிலோ எடை குறைத்ததாக அவரே சொன்னார். உலகம் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் விவாதித்தது.

ஆனால், வேறொரு கூட்டம் வேறொரு காரணத்துக்காகக் கொதித்தது. பழைய உடைகளைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர்களும் துணிப் பாதுகாப்பு வல்லுநர்களும்தான் அவர்கள். சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சிலின் உடைக் குழு ஒரு வாரத்துக்குள் அறிக்கை வெளியிட்டது. வரலாற்று உடைகளை யாரும் அணியக் கூடாது, பிரபலமாக இருந்தாலும் சரி, சாதாரணமானவராக இருந்தாலும் சரி என்பது அதன் சாரம்.

“துணிதானே? போட்டுக்கறதுக்குத்தானே தைக்கறாங்க? ஒரு தடவை போட்டா என்ன குறைஞ்சிடும்?” இந்தக் கேள்வி நியாயமாகவே எழும். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்தக் காப்பாட்சியர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

என்ன ஆடை அது?

ஹாலிவுட்டின் உடை வடிவமைப்பாளர் ஜான் லூயி உருவாக்கியது. அதற்கான கோட்டோவியத்தை வரைந்தவர் அப்போது இளைஞராக இருந்த பாப் மேக்கி. தோலின் நிறத்திலேயே இருக்கும், கண்ணாடி போன்ற மெல்லிய பட்டு வலைத் துணி. அதன் மேல் கையால் தைத்த 2,500-க்கும் மேற்பட்ட மின்னும் கற்கள். மர்லினின் உடம்பின் மேல் வைத்தே தைத்து முடித்தார்கள் என்பது அந்த ஆடையைப் பற்றிப் புகழ்பெற்ற கதை. அவ்வளவு இறுக்கமாக, அவருடைய உடல் அளவுக்கு மட்டுமே ஆனது.

தைத்தபோது விலை 1,440 டாலர். 1999-இல் ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2016-இல் ரிப்ளீஸ் நிறுவனம் 48 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், இருட்டறையில் வைத்துப் பாதுகாப்பதாக அந்த நிறுவனம் சொல்லிவந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த ஆடை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது அல்ல. நிகழ்ச்சி நடந்த இடம்தான் அது. ஆனாலும் முரண் அங்கேதான் இருக்கிறது. ‘மெட் காலா’ என்ற அந்த விழா, அதே அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு நிதி திரட்டத்தான் ஆண்டுதோறும் நடக்கிறது. 33,000-க்கும் மேற்பட்ட உடைகளையும் அணிகலன்களையும் யாரும் அணிந்துவிடாமல் காப்பாற்றும் பிரிவு அது. அதற்குப் பணம் சேர்க்கும் விழாவிலேயே ஒரு வரலாற்று ஆடை அணியப்பட்டது என்பதுதான் காப்பாட்சியர்களை அதிகம் வலிக்கச் செய்தது.

காப்பாட்சியரின் வேலை என்ன?

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு உடை மாட்டிவிடுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது வேலையில் கடைசிப் பத்து சதவீதம்கூட இல்லை.

ஒரு உடை அருங்காட்சியகத்துக்கு வந்ததும் முதல் கேள்வி: இது யாருடையது, எங்கிருந்து வந்தது, இது உண்மையிலேயே அதுதானா? “எங்க கொள்ளுப்பாட்டியோட கல்யாண உடை” என்று குடும்பம் சொல்லும். தையலில் இருப்பது மெஷின் தையலா, கைத் தையலா? சாயம் தாவரச் சாயமா, 1856-க்குப் பிறகு வந்த செயற்கைச் சாயமா? உள்பக்கம் தையலைப் பிரித்து அகலப்படுத்திய தடம் இருக்கிறதா? உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் கதை தெரியும். வெளிப்பக்கம் ஊருக்காக, உள்பக்கம் உண்மைக்காக.

அடுத்தது நிலை அறிக்கை. எந்தத் தையல் விட்டிருக்கிறது, எந்த இடத்தில் மணி உதிர்ந்திருக்கிறது, கறை எங்கே, அது எண்ணெயா வியர்வையா என்று அங்குலம் அங்குலமாகக் குறிப்பும் படமும். இது வெறும் எழுத்துவேலை போலத் தோன்றும். ஆனால் மர்லின் ஆடை விவகாரத்தில் கடைசியில் வழக்கே இதில்தான் வந்து நின்றது. 2022 ஜூன் மாதம், மர்லின் பொருட்களைச் சேகரிக்கும் ஒருவர், ஆடையின் முதுகுப்புறத்தில் கொக்கிகள் இருக்கும் இடத்தில் துணி இழுபட்டிருப்பதாகவும் கற்கள் உதிர்ந்திருப்பதாகவும் படங்களை வெளியிட்டார். ரிப்ளீஸ் அதை மறுத்தது. ஆடையை வாங்கியதை ஒட்டி 2017-இல் எழுதப்பட்ட அறிக்கையிலேயே, தையல்கள் இழுபட்டிருப்பதும் கொக்கிகளின் அருகே துணி சுருங்கியிருப்பதும் பதிவாகியிருக்கிறது என்றது. அணிவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் சுயேச்சையான வல்லுநர் எழுதிய, எல்லோரும் பார்க்கக்கூடிய அறிக்கைகள் இருந்திருந்தால் இந்தச் சண்டை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு இருப்புப் பதிவேட்டு எண். அதை உடையின் மேல் பேனாவால் எழுத மாட்டார்கள். சிறிய பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, உள்பக்கம் வெளியே தெரியாத இடத்தில் இரண்டு மூன்று தளர்வான இழைகளால் தைப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் ஒரு தடமும் இல்லாமல் எடுத்துவிடலாம். இந்தத் தொழிலின் அடிப்படை விதியே அதுதான்: எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் அதை நீக்கக்கூடியதாகச் செய்.

காப்பாட்சியரும் பாதுகாப்பு வல்லுநரும் ஒருவரல்ல என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எதைச் சேகரிப்பது, அதன் வரலாறு என்ன, எப்படிக் காட்சிப்படுத்துவது என்று முடிவெடுப்பவர் காப்பாட்சியர். துணியின் இழையையும் சாயத்தையும் வேதியியலோடு புரிந்து, சிகிச்சை செய்பவர் பாதுகாப்பு வல்லுநர். காப்பாட்சியர் “காட்டலாம்” என்பார், வல்லுநர் “மூணு மாசம் மட்டும்” என்பார். நல்ல அருங்காட்சியகத்தில் இந்த இழுபறி தினமும் நடக்கும். நடக்கவும் வேண்டும்.

துணியைத் தின்பவை எவை?

கல் சிற்பம் ஆயிரம் ஆண்டு மழையில் நிற்கும். செப்புத் திருமேனி மண்ணுக்குள் கிடந்தும் வரும். துணி அப்படியல்ல. அதற்கு நான்கு பக்கமும் எதிரிகள்.

முதல் எதிரி வெளிச்சம். பட்டுக்கும் சாயங்களுக்கும் அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு சுமார் 50 லக்ஸ். ஓர் அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். நேரடி வெயில் என்றால் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். “ஏன் இவ்வளவு இருட்டா வெச்சிருக்காங்க, ஒண்ணுமே தெரியல” என்று பார்வையாளர் அலுத்துக்கொள்வது இதனால்தான். வெளிச்சத்தால் வரும் சேதம் கணக்கில் கூடிக்கொண்டே போகும். இன்று பட்டது நாளை ஓய்வெடுத்தால் ஆறாது. எனவேதான் உடைகளைச் சில மாதங்கள் காட்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் இருட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மெட்ரோபாலிட்டன் உடைப் பிரிவு நெடுங்காலம் நிரந்தரக் காட்சி என்று எதையும் வைக்காமல், மாறிமாறி வரும் கண்காட்சிகளாகவே நடத்தியதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது எதிரி பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கம்பளியையும் பட்டையும் இறகையும் தின்னும். ராமபாணப் பூச்சி கஞ்சி போட்ட பருத்தியைத் தேடி வரும். நம் வீடுகளில் பீரோவுக்குள் அந்துருண்டை போடுவோம். அருங்காட்சியகங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. நாப்தலீன் ஆவி அங்கே வேலை செய்பவர்களின் உடம்புக்குக் கெடுதல் என்பதோடு, சில பொருட்களையும் பாதிக்கும். அதற்குப் பதிலாக, உடையைப் பாலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் உறைய வைக்கிறார்கள். சாதாரண உறைபெட்டிதான் இருக்கிறது, மைனஸ் 18 டிகிரிதான் போகும் என்றால் இரண்டு வாரம். பூச்சியும் முட்டையும் செத்துவிடும், துணிக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது எதிரி மனித உடம்பு. வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன. முகப்பூச்சில் எண்ணெய். உடல் சூட்டில் இழை நெகிழும். நடக்கும்போது, உட்காரும்போது, மூச்சு விடும்போதுகூடத் தையல் இழுபடும். இளமையான துணி இதைத் தாங்கும். 60 ஆண்டு ஆன பட்டு தாங்காது. அது கிழியும் என்பதல்ல; கிழியாமலே நுண்ணிய இழைகள் அறுந்துகொண்டே வரும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நான்காவது எதிரிதான் விசித்திரமானது: துணியே தனக்கு எதிரி. பட்டு நூலின் மேல் இருக்கும் இயற்கைக் கோந்தைக் கழுவும்போது அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். எடைக்கு விற்கும் வியாபாரிகளுக்கு அது நட்டம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பட்டைத் தகர உப்புக் கரைசலில் ஊறவைத்து எடை ஏற்றினார்கள். அந்தப் பட்டு கனமாக, சலசலவென்று அருமையாக இருந்தது. நூறு ஆண்டு கழித்து, யாரும் தொடாமலே பெட்டிக்குள்ளேயே நீளநீளமாகப் பிளந்துகொண்டிருக்கிறது. அன்றைய ஒரு வியாபார லாபத்துக்கான விலையை இன்றைய காப்பாட்சியர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சேதத்தை எந்த வல்லுநராலும் திருப்ப முடியாது.

இவற்றுக்கு எதிராக இருக்கும் ஆயுதங்கள் எளிமையானவை. அமிலமில்லாத தாள், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி, பெரிய அட்டைப் பெட்டிகள், மடிப்பு விழும் இடத்தில் உருட்டி வைக்கும் தாள் உருளைகள், பொறுமை. பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் வைக்காதே, மாற்றி மடி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதே அறிவுதான். மடிப்பில்தான் ஜரிகை முறியும், பட்டு முறியும்.

உடைக்குள் என்ன வரலாறு இருக்கிறது?

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஜெய்ப்பூர் நகர அரண்மனை அருங்காட்சியகத்தில் 18-ஆம் நூற்றாண்டு மன்னர் முதலாம் சவாய் மாதோ சிங்கின் அங்கி ஒன்று இருக்கிறது. அவரைப் பற்றி எழுதியவர்கள் எவ்வளவு மிகைப்படுத்தினார்கள் என்று தெரியாது. அந்த அங்கியின் அகலத்தைப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்ட உருவம் என்பது ஒரு நொடியில் புரிந்துவிடும். ஓவியன் மன்னனைப் புகழ்வான். தையற்காரன் அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்.

இன்னொரு கதை இங்கிலாந்தில். ஹியர்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் பேக்டன் என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில், சுவரில் கண்ணாடிக்குள் ஒரு பீட விரிப்பு நூறாண்டுக்கு மேல் மாட்டியிருந்தது. பூக்களும் செடிகளும் பூவேலை செய்யப்பட்ட, வெள்ளி இழை ஓடும் பட்டு. அரச மாளிகைகளின் உடைச் சேகரிப்பைக் கவனித்துவந்த காப்பாட்சியர் எலெரி லின் அதைப் பார்த்தபோது, விரிப்பு போலத் தெரியும் அந்தத் துணியில் உடை வெட்டிய வடிவங்களின் தடம் இருப்பதைக் கவனித்தார். வெள்ளி இழைத் துணியை அக்காலத்தில் அரச குடும்பத்தினரும் உயர்மட்டத்தவரும் மட்டுமே அணியலாம் என்று சட்டமே இருந்தது. முதலாம் எலிசபெத் ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்களுக்குத் தலைமை வகித்த பிளாஞ்ச் பாரி பிறந்த ஊரும் அதுதான். ராணியின் பழைய ஆடை பணிப்பெண் வழியாக ஊர்த் தேவாலயத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதே இன்று வல்லுநர்களின் கணிப்பு. எலிசபெத்தின் ஆயிரக்கணக்கான உடைகளில் மிஞ்சியது அந்த ஒன்றாகத்தான் இருக்கக்கூடும். 2019-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அது காட்சிக்கு வந்தது.

அந்த விரிப்பை யாராவது இடையில் “பழசாப் போச்சு” என்று துவைத்திருந்தால்? வெட்டு அடையாளத்தை மறைத்து ஓரம் அடித்திருந்தால்? கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அணிந்து பார்ப்பதில் நியாயமே இல்லையா?

எதிர்த் தரப்புக்கும் வாதம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது.

ஒன்று, உடை என்பது உடம்பில் அசையும்போதுதான் உயிர் பெறுகிறது. கண்ணாடிக்குள் நிற்கும் ஆடை, கூண்டுக்குள் நிற்கும் பறவை மாதிரி. இரண்டு, அது தனியார் சொத்து. காசு கொடுத்து வாங்கியவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூன்று, அந்தச் சில நிமிடங்களால்தான் மர்லினின் ஆடையைப் பற்றி ஒரு புதிய தலைமுறையே தெரிந்துகொண்டது.

முதல் வாதத்துக்கு விடையை அந்தத் தொழிலே கண்டுபிடித்துவிட்டது: நகல். பிரிட்டனின் உடை வரலாற்றாசிரியர் ஜேனட் ஆர்னால்ட், 1960-களிலிருந்து அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், பழைய உடைகளின் ஒவ்வொரு வெட்டையும் தையலையும் அளந்து வரைந்து புத்தகங்களாக வெளியிட்டார். அந்த வரைபடங்களை வைத்து இன்று உலகெங்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஆராய்ச்சிக்கும் நகல் தைக்கிறார்கள். போட்டுக்கொண்டு ஓடலாம், ஆடலாம், மூச்சு விடுவது எப்படி இருந்தது என்று சோதிக்கலாம். அசல் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கும். கிம் கர்தாஷியனேகூட மீதி இரவு முழுக்க நகலில்தானே இருந்தார்? படிக்கட்டிலும் நகலே போதுமானதாக இருந்திருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அது அசல் என்பதுதான் செய்தி. அந்தச் செய்திக்காகத்தான் அசல் பயன்பட்டது.

இரண்டாவது வாதம் சட்டப்படி சரி. ஆனால் சட்டம் அனுமதிப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. இன்று உரிமையாளர் ஒருவர். அந்த ஆடை சரியாகக் காக்கப்பட்டால் இன்னும் இருநூறு ஆண்டு இருக்கும்; அதற்குள் பல கை மாறும். அவர் உரிமையாளர் என்பதைவிட, இப்போதைக்குப் பொறுப்பாளர் என்பதே பொருத்தம்.

மூன்றாவது வாதம்தான் உண்மையில் ஆபத்தானது. பிரபலத்தின் வெளிச்சம் நல்லது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த பிரபலம் அடுத்த அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டுவார். காப்பாட்சியர் மறுப்பார். நன்கொடையாளரோ நிர்வாகக் குழு உறுப்பினரோ, “அங்க கொடுத்தாங்களே, நீங்க மட்டும் ஏன் அடம் பிடிக்கிறீங்க?” என்று கேட்பார். ஒரு காலத்தில் அருங்காட்சியகங்களே பழைய உடைகளை மாடல்களுக்குப் போட்டுப் படமெடுத்தன. அதனால் வந்த சேதத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான், 1980-களில் அமெரிக்காவின் உடை வல்லுநர்கள் கூடி, சேகரிப்பில் உள்ள உடைகளை இனி யாருக்கும் அணிவிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தைச் சில நிமிடப் புகழுக்காக மறப்பது புத்திசாலித்தனம் அல்ல.

யாருடைய உடை மிஞ்சுகிறது?

இத்தனை கவனமும் யாருடைய உடைக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியும் முக்கியம். ராணியின் ஆடை, நடிகையின் ஆடை, மன்னரின் அங்கி. வயலில் நாற்று நட்டவளின் சேலை எங்கே?

அது மிஞ்சவில்லை. ஏனென்றால் அது கடைசி இழை வரை பயன்பட்டது. நல்ல சேலையாக இருந்து, வீட்டுச் சேலையாகி, குழந்தைக்குத் தூளியாகி, தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகி முடிந்தது. உலகம் முழுக்க ஏழைகளின் துணிக்கு இதே கதிதான். அருங்காட்சியகங்களில் பட்டும் ஜரிகையும் நிறைந்திருப்பதைப் பார்த்து, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் உடுத்தினார்கள் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டால் தவறு குழந்தையுடையது அல்ல.

இதை உணர்ந்து சில அருங்காட்சியகங்கள் வழியை மாற்றியிருக்கின்றன. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்த பெண்கள். லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த நிகழ்வைப் பதிவுசெய்யச் சேகரித்தது என்ன தெரியுமா? சாதாரணக் கடையில் மலிவு விலைக்கு விற்கும் ஒரு கார்கோ பேன்ட். அழகுக்காக அல்ல, அது யாருடைய கையில் தைக்கப்பட்டது என்பதற்காக. எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுப்பதும் காப்பாட்சியரின் வேலைதான். சொல்லப்போனால் அதுதான் வேலையிலேயே கனமானது.

நம் ஊரில் நிலை என்ன?

இந்தியாவின் பெருமை பேச ஆரம்பித்தால் துணியைத் தவிர்த்துப் பேச முடியாது. சோழமண்டலக் கரையில் சாயம் எழுதிய பருத்தித் துணியால் தைத்த 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடைகள் இன்றும் லண்டனிலும் நெதர்லாந்திலும் பளிச்சென்று இருக்கின்றன. அதே காலத்தில் அதே கரையில் உடுத்தியவை நம்மிடம் அரிது. ஈரமும் வெயிலும் கரையானும் ஒரு காரணம். அகமதாபாத்தில் 1949-இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் விதிவிலக்கு. அங்கே பார்வையாளர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. துணியின் நன்மைக்காகத்தான் அது.

தமிழ்நாட்டில், உடையே வரலாறாக மாறிய ஊர் மதுரை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி, மேலாடையும் நீள வேட்டியும் விட்டு அரையாடைக்கு மாறியது அங்கேதான். 1959-இல் ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் தொடங்கிய காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. அதன் முன்னால் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்க்கலாம். டெல்லியில் இந்திரா காந்தி நினைவிடத்தில் அவர் கடைசியாக உடுத்திய சேலையும், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் மிச்சமும் இருக்கின்றன.

இந்தத் துணிகளில் கறைதான் வரலாறு. வேறெந்தத் துணியிலும் அழுக்கு என்று சொல்லப்படுவது இங்கே சாட்சியம். துவைத்துச் சுத்தமாக வைத்தால் அது வெறும் வேட்டி. ஆனால் ரத்தமும் ஒரு கரிமப் பொருள். பூச்சியையும் பூஞ்சையையும் அழைக்கும், வெளிச்சத்தில் நிறம் மங்கும், அடியில் இருக்கும் இழையை விறைக்கவைக்கும். கறையையும் காக்க வேண்டும், கறையிடமிருந்து துணியையும் காக்க வேண்டும். உலகின் எந்தக் காப்பாட்சியருக்கும் இதைவிடக் கடினமான வேலை இல்லை.

தமிழ்நாட்டில் தலைவர்களும் கலைஞர்களும் வாழ்ந்த வீடுகள் பல நினைவு இல்லங்களாக இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வேட்டி, சட்டை, துண்டு, செருப்பு. போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். ஜன்னல் வெயில் நேராக அந்தப் பெட்டியில் விழுகிறதா? பெட்டிக்குள்ளேயே டியூப்லைட் நாள் முழுக்க எரிகிறதா? சட்டை பல ஆண்டுகளாக ஒரே மடிப்பில் இருக்கிறதா? துருப்பிடித்த ஊக்கால் குத்தி நிறுத்தியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால்கூட அந்த உடை நம் பேரப்பிள்ளைகள் பார்க்க இருக்காது. இதைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு திரைச்சீலை, ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கு, அமிலமில்லாத தாள், துரு பிடிக்காத தாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை நிலை அறிக்கை. அவ்வளவே.

பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது ஆள். லக்னோவில் 1976 முதல் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம், பரோடா பல்கலைக்கழகத்தில் 1952-இல் தொடங்கிய அருங்காட்சியகவியல் துறை என்று பயிற்சிக்கு இடங்கள் இருக்கின்றன. நெசவும் சாயமும் தெரிந்த கைகள் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சின்னாளப்பட்டியிலும் இருக்கின்றன. பட்டின் பாவு எங்கே பலவீனமாகும் என்று ஒரு மூத்த நெசவாளரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்த அறிவையும் ஆய்வகத்தையும் இணைத்து, துணிக்கென்றே காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர் பணியிடங்களை அரசு உருவாக்கலாம். கீழடிக்கு ஓர் அருங்காட்சியகம் எழுப்பிய மாநிலத்துக்கு இது முடியாத காரியம் அல்ல.

முடிவாக...

மர்லினின் ஆடை அன்று இரவு கிழிந்ததா இல்லையா என்பது பற்றி இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது கிழியவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் காப்பாட்சியர்களின் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. ஒரு பழைய உடைக்கு மிச்சமிருக்கும் ஆயுள் எண்ணிக்கைக்கு உட்பட்டது. அதை யாருக்காகச் செலவிடுவது என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தில் வைத்துப் பத்தாயிரம் பேருக்குக் காட்டினாலும் ஆயுள் குறையும், ஒருவர் உடுத்தினாலும் குறையும். இரண்டில் எது நியாயமான செலவு என்று சொல்ல வல்லுநராக இருக்க வேண்டியதில்லை.

பாட்டியின் கல்யாணப் புடவை பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் இருக்கும். அதை ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கலாம். யார் கட்டியது, எந்த ஊரில் வாங்கியது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வைக்கலாம். காப்பாட்சியர் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். அவர் அதை ஒரு குடும்பத்துக்காக அல்லாமல் ஊருக்காகச் செய்கிறார்.